லீவு முடிந்து திரும்பும் சபுராளிக்கு

வளைகுடா வேலையிலிருந்து லீவில் ஊருக்கு வந்த சபுராளிகளுக்குப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எல்லா வேலையும் ஞாபகத்துக்கு வரும். பேங்கில் நாமினி போடணும், பத்திர ஆபீஸ் போகணும், உம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டணும், பெட்டி வாங்கணும், நாலு தெருவுக்குப் பயணம் சொல்லணும். எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தால், பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்னக்கூட நேரம் கிடைக்காது. அதனால் நான் சொல்வது இதைத்தான்: திரும்பிப் போவதற்கான வேலைகளை லீவின் முதல் பத்து நாளிலேயே முடித்துவிடுங்கள். கடைசி மூன்று நாளை வீட்டுக்கென்று விட்டுவிடுங்கள்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம். துபாயில் சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன். லீவு முடிந்து வருகிற பையன்களை முதல் நாள் சைட்டில் வரவேற்று வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் என்று நம் கடற்கரைப் பையன்கள் அதில் நிறையப் பேர். ஊரில் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது முதல் வாரத்திலேயே அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும்.

காகிதம்

வந்து இறங்கிய மறுநாள் மூன்று தேதிகளைப் பாருங்கள். விசா முடியும் தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி, கம்பெனி லீவு லெட்டரில் எழுதியிருக்கும் வேலைக்குச் சேரும் தேதி. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் அன்றைக்கே ஆன்லைனில் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. போலீஸ் விசாரணை வந்தால் சில நாள் இழுக்கும், லீவின் கடைசியில் ஆரம்பித்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதுதான். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதன் நம்பரைக் கம்பெனியில் விசா வேலை பார்க்கும் பிஆர்ஓவுக்கு அனுப்புங்கள். மூலை வெட்டிக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டையும் பயணத்தில் கையில் வைத்திருங்கள், விசா அந்த நம்பரில்தான் பதிவாகியிருக்கும்.

அமீரகத்தில் 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. எமிரேட்ஸ் ஐடி கார்டுதான் சான்று. மதுரையிலும் திருச்சியிலும் கவுன்ட்டரில் அதைத்தான் கேட்பார்கள். கார்டை அறையில் வைத்துவிட்டு வந்திருந்தால் நண்பரிடம் சொல்லி இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விசா காப்பியையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மவுத்தோ (இறப்போ) நோயோ வந்து லீவு நீண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அமீரக விசாவில் சாதாரணமாக 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் விசா செல்லாமல் போய்விடும். குவைத்திலும் ஆறு மாதக் கணக்குதான். சவூதிக்காரர்களுக்கு எக்ஸிட் ரீ-என்ட்ரியில் (ஊருக்குப் போய்த் திரும்பி வரும் விசா) உள்ள தேதிதான் எல்லை. முடிவதற்கு முன்பாகவே முதலாளியிடம் சொன்னால் நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஆன்லைனில் நீட்டித்துக் கொடுக்க முடியும். இக்காமாவும் (சவூதியில் தங்கும் அனுமதி) உயிரோடு இருக்க வேண்டும்.

விசாவில் நாள் இருக்கிறதே என்று நினைத்து வேலைக்குச் சேரும் தேதியைத் தவறவிடக் கூடாது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, சரியான காரணம் இல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராதவரை நோட்டீஸ் கொடுக்காமலே நீக்கலாம். வர முடியாவிட்டால், சேரும் தேதிக்கு முன்பே கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோ இறப்புச் சான்றோ எது காரணமோ அதை இணையுங்கள். ஃபோர்மேனிடம் போனில் சொன்னது போதாது. என்னிடம் சொன்னாலும் அது ஆபீஸ் ஃபைலில் ஏறாது.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்கு வெளிநாடு கிளம்ப அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) போனவர்கள் முதல் தடவை கிளம்பும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தால் 10 லட்சம். காலம் முடிந்திருந்தால் ஆன்லைனில் புதுப்பிக்கலாம். பாலிசி காப்பி வீட்டில் இருக்கட்டும். அது இருப்பதே தெரியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியது

இடம், வழக்கு, வீடு கட்டும் வேலை ஏதாவது இருந்தால் பவர் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிப் பதிந்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்தால் தூதரகத்தில் சான்று வாங்கி, ஊருக்கு அனுப்பி, வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி என்று இரட்டை வேலை. யாருக்குக் கொடுத்தாலும் எந்த வேலைக்கு என்று குறித்துக் கொடுங்கள். கூடப் பிறந்த காக்காவாக (அண்ணனாக) இருந்தாலும் விற்கிற அதிகாரத்தைப் பொதுவாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பின்னால் குடும்பத்துக்குள் வருகிற மனக்கசப்பில் பாதி இதில்தான் தொடங்குகிறது.

பேங்கில் சாதாரண சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தால் என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாற்றி, சம்பளம் அனுப்ப என்ஆர்இ கணக்கு திறந்துகொள்ளுங்கள். நாமினியாக மனைவி பெயர் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பார்த்து உறுதி செய்யுங்கள். பேங்கோடு இணைத்த இந்திய நம்பருக்கு இன்டர்நேஷனல் ரோமிங் போட்டு, ஓடிபி வரும்படி சிம்மை உயிரோடு வைத்திருங்கள். நம்பர் செத்துப்போனால் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் நிற்க வேண்டிவரும்.

ஒருநாள் சாயங்காலம் மனைவியோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், யார் தரணும், அடகு வைத்த நகைக்கு எந்த மாதம் வட்டி கட்டணும், பள்ளிக்கூட ஃபீஸ், உம்மா வாப்பா மாத்திரைகளின் பெயர், எந்தக் கடையில் வாங்குவது, இராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் ஆட்டோ. தண்ணீர் வண்டிக்காரர் நம்பரும் அதில் இருக்கட்டும், கோடையில் குழாய்த் தண்ணீர் வராத வாரங்களில் அதுதான் பெரிய கவலை. அக்டோபருக்கு முன்னால் கிளம்புகிறவர்கள் மொட்டைமாடி ஒழுகலையும் தண்ணீர் போகும் குழாயையும் பார்த்துவிடுங்கள். நமக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான், அது வரும்போது நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள்.

லீவுச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கியிருப்பீர்கள். அதனால் திரும்பிப் போனதும் கைக்கு வரும் முதல் சம்பளத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். வீட்டுக்கு அந்த இடைவெளிக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதியில் செலவு செய்யுங்கள். கடன் வாங்கிப் பெட்டி நிரப்பிக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே வந்ததும் ஓவர்டைம் கேட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. போட்டிம் போல அங்கே அனுமதி உள்ள ஆப்பை வீட்டுப் போனில் நீங்களே ஏற்றி, உம்மாவை விட்டே இரண்டு தடவை போன் போடச் சொல்லிப் பழக்குங்கள். பக்கத்து அறையில் இருந்து நீங்கள் எடுத்துப் பேசுங்கள். அந்த அரைமணி நேரம் வருஷம் முழுக்க உதவும்.

பயணம் சொல்வது

நம் ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். இதை விட்டுவிடாதீர்கள், ஆனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே ஆரம்பித்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீடு என்று போங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் முதலில். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள், துஆ செய்யச் சொல்லுங்கள். அடுத்த லீவில் எல்லாரும் இருப்பார்கள் என்று நாம் சொல்ல முடியாது. நீங்கள் ஊரில் இல்லாதபோது மவுத்து நடந்த வீடுகளுக்குப் பயணம் சொல்லும் சாக்கில் போகக் கூடாது. வந்த முதல் வாரத்திலேயே அதற்கென்று தனியாகப் போயிருக்க வேண்டும்.

பிள்ளை தூங்கும்போது கிளம்பிவிடுவது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அழுவதைப் பார்க்க மனசு தாங்காது என்பார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. விடிந்து எழுந்த பிள்ளை அறை அறையாக வாப்பாவைத் தேடுகிறது. பிறகு அடுத்த லீவில் ராத்திரி தூங்கவே பயப்படுகிறது, கண்ணை மூடினால் வாப்பா போய்விடுவார் என்று. ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சுவர்க் காலண்டரில் கிளம்பும் நாளைப் பிள்ளை கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். பெட்டியில் சாமான் எடுத்துவைக்கும்போது கூட உட்காரவையுங்கள். எத்தனை மணியானாலும் எழுப்பி, "வாப்பா பயணம் போறேன், நோன்புக்குப் பிறகு வருவேன்" என்று எந்தக் காலமோ அதைச் சொல்லி முத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். அழட்டும். "நாளைக்கு வந்துருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளை மறுநாள் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

பெட்டி

முப்பது கிலோவில் என்ன வைப்பது என்பதைவிட எதை வைக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

முதலில் கசகசா. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் சாதாரணச் சாமான், வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் கணக்கு. பொட்டலமாகக் கொண்டுபோகக் கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் உம்மாவோ லாத்தாவோ (அக்காவோ) பாசத்தோடு திரித்துத் தரும் மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கும். அரைக்கும் முன்பே சொல்லுங்கள்: "இந்தத் தடவை கசகசா போடாதீங்க, அங்க புடிச்சா ஜெயிலு." வெற்றிலை, பான், புகையிலைச் சாமான் எதுவும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயையும் வைக்காதீர்கள், எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாக விமானத்தில் கணக்கு.

மாத்திரையில் இன்னும் கவனம் வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். தேவைப்படுகிறவர் டாக்டர் சீட்டோடு அங்கே உள்ள அரசின் ஆன்லைன் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரைக்கும் உங்கள் பெயர் உள்ள சீட்டை வைத்திருங்கள், அட்டையைக் கிழிக்காமல் கொண்டுபோங்கள். பெயர் எழுதாத லேகியம், சூரணம் வேண்டாம்.

நம் கடற்கரைக்கென்று ஒன்று உண்டு. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை ஆகியவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. மருந்து என்றும் அலங்காரம் என்றும் சொல்லி ஒரு சின்னப் பொட்டலத்தை யாராவது நீட்டுவார்கள். தொடாதீர்கள்.

மற்றவர் பார்சல் விஷயத்தில் கறாராக இருங்கள், தம்பி. பெட்டியில் உங்கள் பெயர், சாவி உங்கள் கையில். உள்ளே எது இருந்தாலும் அது உங்களுடையது என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். தெரியாதவர் கொடுப்பதை வாங்கவே கூடாது. சொந்தக்காரர் கொடுத்தால் அவர் முன்னாலேயே பிரித்துக் கொட்டிப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். தைத்த பை, டேப் ஒட்டிய டப்பா, பாட்டில் ஊறுகாய், தலையணை எதுவானாலும் சரி. "கோவிச்சுக்காதீங்க மாமி, எல்லார் சாமானையும் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குறேன்" என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி சொன்னால் யாருக்கும் வருத்தம் வராது. பிரிக்கச் சம்மதிக்காதவரின் பார்சலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அவர் யாராக இருந்தாலும்.

கொண்டுபோக வேண்டியதையும் சொல்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் ஒரு கிலோ. குண்டாக, கருஞ்சிவப்பாக இருக்கும் அதன் ருசி அங்கே கடையில் வாங்கும் நீட்டு மிளகாயில் வராது. கருவாடு கொண்டுபோனால் நெத்திலியை இன்னொரு வெயில் காயவைத்து, பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, துணிகளிலிருந்து பிரித்து வையுங்கள். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு நன்றாகத் தாங்கும், அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு துண்டாவது வரும்படி வாங்குங்கள். ஊரிலிருந்து வருபவர் கையைப் பார்த்துக்கொண்டு லீவு கிடைக்காத பையன்கள் அங்கே காத்திருக்கிறார்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவருக்கு மேல் வேண்டாம். ஃபோனுக்கு வாங்கும் சாதாரண 10,000, 20,000 எம்ஏஎச் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

சாலை

ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். தொண்டி, நம்புதாளை, எஸ்.பி.பட்டினம் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சியும் வசதி, அங்கே 2024 முதல் புது முனையம். ஃப்ளைட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்கும்படி கணக்குப் போடுங்கள், வழியில் டயர் பஞ்சருக்கென்று இன்னொரு மணி நேரம் சேருங்கள்.

டிக்கெட் போடும்போதே இரண்டு தேதிகளைப் பாருங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு தினம், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. அந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் வாகனக் கட்டுப்பாடு இருக்கும், வாடகைக் கார்களைத் திருப்பிவிடுவார்கள், பாதையும் மாறும். அப்போது கிளம்ப வேண்டியிருந்தால் முந்தின நாளே மதுரை போய்த் தங்கிவிடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையிலும் ராமேஸ்வரம் ரோட்டில் கூட்டம் அதிகம்.

அங்கே முதல் வாரம்

இந்தப் பகுதியை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். ஊரில் சாதாரணமாக யாரும் இதைச் சொல்வதில்லை.

வெயிலில் வேலை செய்து பழகிய உடம்பு சீக்கிரம் வியர்த்துக்கொள்ளும், வியர்வையில் உப்பைக் குறைவாக வெளியேற்றும், இதயத் துடிப்பும் கட்டுக்குள் இருக்கும். இந்தப் பழக்கம் வேலையை விட்டு ஒரு வாரம் இருந்தாலே குறைய ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். "நம்ம ராம்நாடு வெயில பாக்காததா" என்று பையன்கள் சொல்வார்கள். ஊரில் வெயில் இருந்தது உண்மை, ஆனால் நீங்கள் ஃபேனுக்குக் கீழே இருந்தீர்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு இரும்புக் குழாய் தூக்கவில்லை. பத்து வருட அனுபவசாலியின் உடம்பும் லீவுக்குப் பிறகு பாதிப் புது ஆள்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், அனுபவம் உள்ளவர் வெயில் வேலைக்குத் திரும்பும்போது முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை என்று ஏற்றச் சொல்கிறது. என் ஆட்களுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். உங்கள் ஃபோர்மேன் தானாகச் செய்யாவிட்டால் கேளுங்கள். முதல் இரண்டு நாள் தரையில் கிளாம்ப் பிரிப்பது, சாமான் எண்ணுவது போன்ற வேலை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ராத்திரி ஃப்ளைட்டில் வந்து தூங்காமல் காலையில் உயரத்தில் ஏறவே ஏறாதீர்கள். முடிந்தால் சேரும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் வந்து இறங்குங்கள்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை கூடாது. அந்த நேரம் நிழலில் படுங்கள், போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வேலை நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். கூட வேலை செய்கிறவர் உளறினாலோ, பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விழித்தாலோ, அது ஆபத்து. நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 998க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

மனசுக்கும் சில நாள் பிடிக்கும். முதல் சில ராத்திரி தூக்கம் வராது, சோறு இறங்காது. இது எல்லாருக்கும் உள்ளதுதான், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுங்கள். வீட்டுக்குப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் இரவு எட்டரை என்றால் ஊரில் பத்து மணி, பிள்ளை தூங்கியிருக்கும். வேலை முடிந்து வண்டியிலிருந்து இறங்கியதும் குளிப்பதற்கு முன்பே போன் போடுவது நல்லது. அதற்கும் நேரம் ஒத்துவராவிட்டால் காலை ஐந்து மணிக்குப் பேசுங்கள், ஊரில் ஆறரை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம். யூனிஃபார்மைக் காட்டச் சொல்லுங்கள், டிபன் டப்பாவில் என்ன என்று கேளுங்கள். பணம், கடன் பற்றிய பேச்சை மனைவியோடு வெள்ளிக்கிழமை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தினமும் அதையே பேசினால் இரண்டு பக்கமும் தூக்கம் கெடும்.

முதல் சம்பளம் வந்ததும் ஊரில் எழுதிய நோட்டின்படி வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த டிக்கெட்டுக்கு மாதம் ஒரு சின்னத் தொகையைத் தனியாகப் போட்டுவாருங்கள். அடுத்த லீவு விண்ணப்பத்தைப் பெருநாள் கூட்டத்துக்கு முன்பே ஆபீஸில் கொடுத்துவிடுங்கள், கடைசியில் கேட்கிறவருக்குக் கிடைக்கிற தேதியும் சரியாக அமையாது, டிக்கெட் விலையும் ஏறியிருக்கும்.